மூளை ஆய்வுக்குத் தனியார் பணம்: நிபந்தனை யாருடையது?

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மணிப்பூர் அமளியில் மூழ்கிக் கிடந்த கூட்டத்தொடர் அது. அந்த இரைச்சலில் மத்திய அரசு முன்வைத்த ஒரு கணக்கு உரிய கவனத்தைப் பெறவில்லை. ஐந்து ஆண்டுகளில் ஆராய்ச்சிக்காக ரூ. 50 ஆயிரம் கோடி செலவிடப்படும்; அதில் அரசு தருவது ரூ. 14 ஆயிரம் கோடி, எஞ்சிய ரூ. 36 ஆயிரம் கோடி தொழில் நிறுவனங்கள், அறக்கட்டளைகள், கொடையாளர்கள் என அரசு சாராத வழிகளில் திரட்டப்படும் என்பதே அக்கணக்கு. பத்து ரூபாயில் ஏழு ரூபாய்க்கு மேல் பிறர் தருவார்கள் என்ற நம்பிக்கையின் மீது நாட்டின் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு நியாயம் உண்டு. அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட புள்ளிவிவரங்களின்படி 2020-21-ம் ஆண்டில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. அதிலும் தனியார் தொழில்துறையின் பங்கு ஏறத்தாழ 36 சதவீதம். சீனா, தென்கொரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தொழில் நிறுவனங்களே செலவிடுகின்றன. லாபத்தில் கொழிக்கும் இந்திய நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குக் கிள்ளித்தான் தருகின்றன என்ற குற்றச்சாட்டில் பொய்யில்லை. ஆனால் அந்த ஒப்பீட்டில் ஓர் உண்மை மறைந்துவிடுகிறது. அந்நாடுகளின் நிறுவனங்கள் செலவிடுவது பெரும்பாலும் தங்கள் சொந்த ஆய்வுக்கூடங்களில், தங்கள் சொந்தச் சரக்குக்காக. எப்போது பலன் தரும் என்று தெரியாத அடிப்படை ஆய்வை அங்கும் பெரும்பாலும் அரசுதான் சுமக்கிறது.

இந்த வேறுபாட்டை உரசிப் பார்க்க மூளை ஆராய்ச்சியைவிடச் சிறந்த உரைகல் இல்லை.

அறுபது வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கிறார்கள் என்று தேசிய அளவில் நடந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தவர்களைவிடப் பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் நோய் கூடுதலாக இருப்பதையும் அந்த ஆய்வு காட்டியது. அல்சைமர் நோயில் மூளையின் மாற்றங்கள் வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. ஆகவே நோயாளியை ஆராய்ந்தால் போதாது. நோய் வராதவர்களை ஆண்டுதோறும் அழைத்து, ரத்தம் எடுத்து, நினைவாற்றலைச் சோதித்து, மூளையைப் படம் பிடித்து, அவர்கள் முதுமை அடையும்வரை கூடவே நடக்க வேண்டும். காலாண்டு லாபக் கணக்கு பார்க்கும் எந்த நிறுவனத்துக்கும் இது கட்டுப்படியாகாத வேலை.

பைசர் நிறுவனத்தின் கதை இதற்குச் சான்று. உலகின் மிகப்பெரிய மருந்து நிறுவனங்களுள் ஒன்றான பைசர், அல்சைமர், பார்க்கின்சன் நோய்களுக்குப் புதிய மருந்து தேடும் ஆய்விலிருந்து விலகுவதாக 2018 ஜனவரியில் அறிவித்தது. சுமார் 300 பணியிடங்கள் நீக்கப்பட்டன. நோய் குறைந்துவிடவில்லை, அந்த ஆய்வில் போட்ட பணம் திரும்பும் வாய்ப்புதான் குறைந்திருந்தது. நிறுவனத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை. பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது நிறுவனம். நோயாளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது வேறு யாரோ.

அரசும் தனியாரும் கைகோத்த மூளை ஆய்வு என்றால் உலகமே அமெரிக்காவைத்தான் எடுத்துக்காட்டும். 2013 ஏப்ரல் 2-ம் தேதி அதிபர் ஒபாமா அறிவித்த 'பிரெய்ன்' திட்டத்தில் அரசு முதலாண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி டாலர் ஒதுக்க முன்வந்தது. அதே மேடையில் ஆலன் நிறுவனம் ஆண்டுக்கு 6 கோடி டாலர், ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனம் ஆண்டுக்கு 3 கோடி டாலர், கவ்லி அறக்கட்டளை பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 40 லட்சம் டாலர் என்று வாக்களித்தன. கவனிக்க வேண்டியது, அரசு தன் பணத்தை முதலில் மேசையில் வைத்தது என்பதே. பின்னர் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றின் மூலம் நிதியைப் பெருக்கியது. 2023-ல் அது 68 கோடி டாலரை எட்டியது. அந்தச் சட்டத்தின் கால அளவு முடியும் தறுவாயில் 2024-ல் ஒரே வெட்டாக 40 கோடி டாலராகச் சரிந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பக் கோடீசுவரர்கள் எவரும் வரிசையில் நிற்கவில்லை. அரசு நகர்ந்தால் அந்த இடத்துக்குத் தனியார் வந்துவிடுவார்கள் என்ற எண்ணம் அதன் தாயகத்திலேயே பொய்த்தது.

ஐரோப்பா வேறொரு பாடத்தைத் தந்தது. 2013-ல் தொடங்கி 2023-ல் முடிந்த 'மனித மூளைத் திட்டம்' சுமார் 60 கோடி யூரோவை விழுங்கியது. அங்கு பணம் பொதுப்பணம்தான். ஆனால் மூளை முழுவதையும் கணினியில் உருவாக்கிக் காட்டுவது என்ற ஒரு சிலரின் கனவுக்கு அது வளைக்கப்படுகிறது என்று 2014 ஜூலையில் நூற்றுக்கணக்கான நரம்பியல் விஞ்ஞானிகள் ஐரோப்பிய ஆணையத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். நிர்வாகமே மாற்றி அமைக்கப்பட்டது. பணம் அரசுடையது என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது என்பதை இதிலிருந்து ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். யார் முடிவு செய்கிறார்கள் என்பதும், அந்த முடிவைத் தட்டிக் கேட்க வழி இருக்கிறதா என்பதும் பணத்தின் அளவுக்கே முக்கியம்.

இந்தியாவின் நிலை என்ன? பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையில் மனித மூளைத் திசு வங்கி 1995-ல் தொடங்கப்பட்டது. ஹரியாணாவின் மானேசரில் அமைந்த தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை 2003-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இரண்டும் மத்திய அரசுத் துறைகளின் பணத்தில் எழுந்தவை. அதற்குப் பின் வந்த பெரிய முயற்சிகள் தனியார் கொடையில் பிறந்தன. 2014-ல் இன்போசிஸ் இணை நிறுவனர் கிரிஸ் கோபாலகிருஷ்ணன், தமது பிரதீக்ஷா அறக்கட்டளை மூலம் பத்தாண்டுகளுக்கு ரூ. 225 கோடி தருவதாக அறிவித்ததையடுத்து இந்திய அறிவியல் கழக வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் உருவானது. அதே ஆண்டில் டாடா அறக்கட்டளைகள் அல்சைமர் ஆய்வுக்காக அக்கழகத்துக்கு ரூ. 75 கோடி தர முன்வந்தன. மானேசர் மையத்தின் முதல் இயக்குநராக இருந்த விஜயலட்சுமி ரவீந்திரநாத்தே பெங்களூர் மையத்தின் முதல் இயக்குநராகவும் ஆனார். அரசு மையத்தைக் கட்டி எழுப்பிய அனுபவம் தனியார் கொடையில் எழுந்த மையத்துக்கு மூலதனமாயிற்று.

இந்த முயற்சிகளைச் சிறுமைப்படுத்துவது நியாயமாகாது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுர வட்டாரக் கிராமங்களில் 45 வயதைக் கடந்த 10 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கண்காணிப்பதை இலக்காகக் கொண்ட ஆய்வை பெங்களூர் மையம் நடத்துகிறது. கிராமத்து இந்தியரின் மூளை எவ்வாறு முதுமை அடைகிறது என்பதை இவ்வளவு விரிவாகக் கவனிக்கும் முயற்சி இதற்குமுன் நடந்ததில்லை. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருவில் இருக்கும் சிசுவின் மூளையை 5,132 வெட்டுப் பரப்புகளில் படம்பிடித்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலக ஆய்வாளர்கள் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்கு மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகமும், கோபாலகிருஷ்ணனும், வேறு சில தனியார் நிறுவனங்களும் பணம் தந்தனர். மேலைநாடுகள் செலவிட்டதில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த செலவில் இது முடிந்ததாக ஐஐடி கூறுகிறது. கூட்டு முயற்சி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அடையாற்றங்கரையிலேயே விடை இருக்கிறது. 10 ஆயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் பதிவு செய்த 'ஜீனோம் இந்தியா' திட்டமும் அத்தகையதே. பணம் உயிரித் தொழில்நுட்பத் துறையுடையது. ஒருங்கிணைத்தது பெங்களூர் மூளை மையம். தரவு சேர்ந்தது அரசின் ஃபரீதாபாத் தரவு மையத்தில். 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்கு அது கிடைக்கத் தொடங்கியது.

நல்லவர் கையில் பணம் இருந்து, நல்லவர் கையில் நிர்வாகமும் இருந்தால் கூட்டு முயற்சி நன்றாகவே நடக்கும் என்பதற்கு இவை சான்று. அவ்வாறு அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டில் விதி ஏதும் இல்லை என்பதே கவலை. கொடையாளரின் பெருந்தன்மையையே சட்டத்துக்கு மாற்றாக வைத்திருக்கிறது தில்லி. இதன் விளைவை ஆராய்ச்சி நகரம் என்று பெயரெடுத்த பெங்களூரில் பார்ப்பதைவிட, தனியார் மூலதனமும் உழைப்பாளர் குடியிருப்பும் அருகருகே கிடக்கும் நவி மும்பையின் கோபர்கைரனேயில் பார்ப்பது தெளிவு தரும். தமிழ்க் குடும்பங்களும் வாழும் பகுதி அது.

கோபர்கைரனேயின் அடையாளங்களில் ஒன்று திருபாய் அம்பானி அறிவு நகரம். 2002 டிசம்பரில் கைபேசிச் சேவையை ஆரவாரத்துடன் தொடங்கிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தலைமையகமாக விளங்கிய வளாகம். அந்நிறுவனம் 2019-ல் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. பிறந்து 17 ஆண்டுகளுக்குள் ஒரு பெருநிறுவனத்தின் ஆயுள் முடங்கிவிட்டது. ஒரு மனித மூளை நோயை உள்ளே வளர்த்து வெளியே காட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலமும் ஏறத்தாழ அதுவே. இத்தகைய நிறுவனத்தின் வாக்குறுதியை மட்டும் நம்பி ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கப்பட்டிருந்தால் அதன் பாதியில் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அங்கிருந்து தாணே செல்லும் ரயிலில் இரண்டாவது நிலையம் ரபாலே. ரிலையன்ஸ் லைஃப் சயன்சஸ் நிறுவனத்தின் வளாகம் அங்கு இருக்கிறது. அது தொடங்கிய 2001-ம் ஆண்டிலேயே அமெரிக்க அதிபர் புஷ், கருவிலிருந்து எடுக்கப்படும் ஸ்டெம் செல் ஆய்வுக்கு அரசு நிதி தருவதில் கட்டுப்பாடு விதித்து, ஏற்கெனவே இருக்கும் செல் வரிசைகளுக்கு மட்டுமே நிதி என்று அறிவித்தார். அவ்வாறு தகுதி பெற்றவை என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் உலகெங்கும் பத்து நிறுவனங்களே இடம்பெற்றன. அவற்றில் இரண்டு இந்திய நிறுவனங்கள்: ஏழு செல் வரிசைகளுடன் ரிலையன்ஸ் லைஃப் சயன்சஸ், மூன்று வரிசைகளுடன் பெங்களூர் தேசிய உயிரி அறிவியல் மையம். பார்க்கின்சன் நோய்க்கும் தண்டுவடக் காயத்துக்கும் விடிவு வரும் என்று ஸ்டெம் செல்லின் மீது உலகம் பெருநம்பிக்கை வைத்திருந்த நேரம். இந்தியா முன்வரிசையில் நிற்பதாகப் பெருமிதப்பட்டோர் பலர்.

அந்த நேரத்தில் ஸ்டெம் செல் ஆய்வுக்கென்று இந்தியாவில் முழுமையான விதி எதுவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இணைந்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது 2007-ல்தான். ஆறு ஆண்டுகள் கழித்து. பட்டியலில் இருந்த செல் வரிசைகளில் அமெரிக்க ஆய்வாளர்களின் கைக்கு உண்மையில் எட்டியவை இருபதை ஒட்டியவையே. இந்திய வரிசைகள் அவற்றில் இல்லை. ஆராய்ச்சி மெதுவாகவே நகர்ந்தது. ஆனால் சந்தை காத்திருக்கவில்லை. மூளை முடக்குவாதத்துக்கும் ஆட்டிசத்துக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் பணம் பறிக்கும் மருத்துவமனைகள் நாடெங்கும் முளைத்தன. ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குத் தவிர வேறெதற்கும் இது ஏற்கப்பட்ட சிகிச்சை அல்ல என்று 2017-ம் ஆண்டு நெறிகள் கூறின. ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் தெரிவித்தது. அதற்குள் எத்தனை பெற்றோர் நகையை விற்றார்கள் என்பதற்கு எந்தத் துறையிடமும் கணக்கு இருக்கப் போவதில்லை. அரசு ஆய்வுக்கும் பணம் தராமல், விதியையும் தாமதித்தால் இடைவெளியில் நுழைவது கொடையாளர் அல்லர், வியாபாரி.

கோபர்கைரனேயின் மற்றொரு அடையாளம் மாத்தாடித் தொழிலாளர் குடியிருப்புகள். மராத்தியில் 'மாத்தா' என்றால் தலை. தலையில் சுமை தூக்குவோர் என்பதே சொல்லின் பொருள். மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய மொத்தச் சந்தைகள் வாஷிப் பகுதிக்கு மாற்றப்பட்டபோது அத்தொழிலாளர்கள் இங்கே குடியமர்த்தப்பட்டனர். வெங்காய மூட்டையும் மிளகாய் மூட்டையும் தூக்கிய தலைமுறை இன்று அறுபதைக் கடந்து நிற்கிறது. பள்ளிப் படிப்பு குறைவு, உயர் ரத்த அழுத்தம், காது கேளாமை, காற்று மாசு ஆகியவை மறதிநோயின் அபாயத்தைக் கூட்டும் என்கிறது லான்செட் ஆணையத்தின் 2024-ம் ஆண்டு அறிக்கை. மொத்தம் 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் நிகழும் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் மதிப்பீடு. தாணே-பேலாப்பூர் ரசாயனத் தொழிற்பேட்டையின் காற்றைச் சுவாசித்து வாழ்ந்த சுமைத் தொழிலாளிக்கு இக்காரணிகளில் எத்தனை பொருந்தும் என்று சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆனால் அது அவரது மூளையில் என்ன செய்திருக்கிறது என்று அறிய ஆய்வுக்கூடம் தேவை. காதுக்கருவி வழங்குவதும், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் மறதிநோயை எவ்வளவு தள்ளிப்போடும் என்ற ஆய்வில் காப்புரிமை கிடைக்காது. கட்டடத்தில் பெயர் பொறிக்கவும் இடமிருக்காது. அதற்குப் பணம் தர வேண்டியவர் யார்?

மும்பையில் மூளை நோய் ஆய்வு புதிதல்ல. நகரின் பார்சிக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 14 ஆயிரம் பேரிடம் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1988-ல் வெளியானது. லட்சம் பேரில் 328 பேருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை அது காட்டியது. உலகின் நரம்பியல் நூல்கள் இன்றும் அதை எடுத்தாள்கின்றன. தனக்கென்று குடியிருப்பும் மருத்துவமனையும் அறக்கட்டளையும் கொண்ட ஒரு சிறிய சமூகம் தன்னைத் தானே ஆராய்ந்து கொள்ள முடிந்தது. தாராவியின் தமிழ்த் தோல் தொழிலாளிக்கும் கோபர்கைரனேயின் மாத்தாடிக்கும் அத்தகைய அறக்கட்டளை கிடையாது. கொடையின் வழியே மட்டும் அறிவு வளருமானால் கொடையாளர் இல்லாதவர்களின் நோய்கள் கணக்கில் வாரா.

ஆனால் மாத்தாடித் தொழிலாளர்களிடம் வேறொன்று இருக்கிறது. தில்லி கற்றுக்கொள்ள வேண்டியது. 1969-ல் மகாராஷ்டிரம் இயற்றிய மாத்தாடி, ஹமால் தொழிலாளர் சட்டம், வணிகர் தரும் கூலியின் மீது ஒரு தீர்வை விதிக்கிறது. கூலியும் தீர்வையும் வாரியத்தில் செலுத்தப்படுகின்றன. அதிலிருந்தே வருங்கால வைப்பு நிதி, மருத்துவச் செலவு முதலியன வழங்கப்படுகின்றன. வாரியத்தில் வணிகர், தொழிலாளர், அரசு என மூன்று தரப்பும் அமர்கின்றன. பணம் தனியாருடையது, நிபந்தனை சட்டத்துடையது, யாருடைய உடல் உழைக்கிறதோ அவருக்கும் மேசையில் இடம் உண்டு. கூட்டு முயற்சி என்ற சொல் அரசு அலுவலகங்களில் புழங்குவதற்கு முன்பே உருவான ஏற்பாடு இது. இதில் முறைகேடுகளும் புகார்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் வணிகரின் தயவை நம்பி மூட்டை தூக்கியவருக்கு, அந்தத் தயவை உரிமையாக மாற்றிக் கொடுத்தது இந்தச் சட்டம்.

மூளை ஆய்வில் அத்தகைய மேசை எங்கே இருக்கிறது? ஆண்டுதோறும் ரத்தமும் நேரமும் தருபவர், இறந்த உறவினரின் மூளையைத் தானமாக அளிக்கும் குடும்பம் ஆகியோர் எந்த ஆய்வு மையத்தின் ஆட்சிக் குழுவிலும் அமர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. புதிய மருந்துச் சோதனைகளுக்கு 2019-ம் ஆண்டு விதிகள் உள்ளன. ஆய்வின் பலனில் பங்கேற்பாளர்களுக்கும் பங்கு வேண்டும் என்பதை மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017-ம் ஆண்டு நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. நெறிமுறைக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஸ்டெம் செல் விவகாரம் ஏற்கெனவே காட்டிவிட்டது. 2023-ம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, முந்தைய வரைவுகளில் இருந்த 'கூர்ந்த பாதுகாப்புக்குரிய தரவு' என்ற பிரிவையே கைவிட்டது. மூளைப் படமும் கைபேசி எண்ணும் அதன் பார்வையில் ஒன்றே. தனிநபரைப் பற்றிய முடிவெடுக்கப் பயன்படாதவரை ஆராய்ச்சிக்கு விலக்கும் அளிக்கிறது. ஆராய்ச்சிக்கு விலக்கு தேவைதான். ஆனால் அந்த ஆராய்ச்சியின் உரிமையாளர் நாளை மாறினால் தரவு யாருடன் போகும் என்ற கேள்விக்கு விடை இல்லை.

பொதுப்பணத்தில் பிறக்கும் அறிவுச்சொத்தை யார் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் மசோதா ஒன்று 2008 டிசம்பரில் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. 1980-ம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றியது அது. பொதுமக்களுக்கு மருந்து எட்டும் விலையில் கிடைப்பதற்கு உறுதி இல்லை என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. நிலைக்குழுவுக்குப் போய், பின்னர் திரும்பப் பெறப்பட்டது. குறையுள்ள மசோதா போனதில் வருத்தமில்லை. அதற்கு மாற்றாக நல்லதொன்று இதுவரை வரவில்லை என்பதே வருத்தம். அல்சைமருக்கான லெக்கனமாப் மருந்து 2023-ல் அமெரிக்காவில் ஆண்டுக்கு 26,500 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. இப்படிப்பட்ட மருந்துகளின் பலனை அளக்கும் முறைகளை வளர்த்ததில் 2004-ல் அமெரிக்க அரசும் மருந்து நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய அல்சைமர் படமெடுப்புத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அத்திட்டத்தில் நிறுவனங்கள் பணம் தந்தன. ஆனால் தரவு உலக ஆய்வாளர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறக்கப்பட்டது. பணம் தந்தவருக்கு முன்னுரிமை கிடையாது என்பது தொடக்கத்திலேயே எழுதி வைக்கப்பட்ட நிபந்தனை. இந்தியாவில் 'தரணி' அதையே செய்தது. ஆனால் கொடையாளரின் விருப்பத்தால் செய்தது.

தனியார் தொடங்கி அரசு தாங்கிய முன்மாதிரிகள் மும்பையிலேயே உள்ளன. 1944 மார்ச்சில் ஹோமி பாபா, சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். 1945-ல் அறக்கட்டளையும் பம்பாய் மாகாண அரசும் சேர்ந்து பணம் தந்தன. ஐம்பதுகளில் மத்திய அரசும் இணைந்த முத்தரப்பு ஒப்பந்தம் ஏற்பட்டு, செலவின் பெரும்பகுதியை அது ஏற்றது. அதே அறக்கட்டளை 1941-ல் நிறுவிய டாடா நினைவு மருத்துவமனை 1957-ல் மத்திய அரசிடம் வந்து, 1962-ல் அணுசக்தித் துறையுடன் இணைந்தது. அதன் ஆராய்ச்சிப் பிரிவு இன்று நவி மும்பையின் கார்கரில் இயங்குகிறது. குழந்தைகளைத் தாக்கும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியை மூலக்கூறு அடிப்படையில் வகைப்படுத்தும் சோதனை முறையை அங்கிருந்த விஞ்ஞானிகள் உருவாக்கினர். கொடையாளரின் தலைமுறை மறைந்தபின்னும் நிறுவனம் நின்றதற்குக் காரணம், மாதச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வந்ததே.

இன்று தில்லியில் நடப்பது இதற்கு நேர்மாறானது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து நவம்பர் 3-ம் தேதி பிரதமர் தொடங்கிவைத்த ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டத்தின் அளவு ரூ. 1 லட்சம் கோடி. தனியார் நிறுவனங்களுக்குக் குறைந்த வட்டியில் அல்லது வட்டியின்றி நீண்டகாலக் கடன் தருவதும், பங்கு முதலீடு செய்வதும் நோக்கம். ஆய்வுக்கூடச் சோதனையில் ஓரளவு தேறிய, அதாவது தொழில்நுட்பத் தயார்நிலையில் நான்காம் படியையாவது எட்டிய திட்டங்களுக்கே அதில் இடம். சிறப்பு நிதியம் அமைவதும் இதே அனுசந்தான் அறக்கட்டளைக்குள்தான். சந்தைக்கு அருகில் நிற்கும் தனியாருக்கு அரசு ரூ. 1 லட்சம் கோடி தர ஆயத்தமாக இருக்கிறது; சந்தைக்கு வெகுதொலைவில் நிற்கும் அடிப்படை ஆய்வுக்கோ தனியார் ரூ. 36 ஆயிரம் கோடி தர வேண்டும் என்று அதே அரசு எதிர்பார்க்கிறது. லாபம் வரக்கூடிய இடத்தில் பொதுப்பணம், வராத இடத்தில் கொடைப்பணம் என்ற இந்த ஏற்பாட்டைக் கூட்டு முயற்சி என்று அழைப்பது மொழிக்கே இழைக்கும் அநீதி. நான்காம் படியைத் தொட மூளை ஆய்வுக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதை பைசரைக் கேட்டால் சொல்லும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை அரசு ஆய்வு நிறுவனங்களுக்கு வழங்கலாம் என்று 2019-ல் விதி திருத்தப்பட்டது. மூளை ஆய்வுக்கான ஒரு பொதுத் தொகுப்பை இதிலிருந்தே தொடங்க முடியும். எந்த நிறுவனம் தந்தாலும் பணம் தொகுப்பில் சேர வேண்டும். எந்த ஆய்வுக்கு எவ்வளவு என்பதை விஞ்ஞானிகள் குழு முடிவு செய்ய வேண்டும். தனியார் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அரசு ஒரு ரூபாய் தருவதாகப் பத்தாண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதி அளிக்க வேண்டும். தரவும் திசுவும் பொது மையத்தில் இருக்கவும், பிறக்கும் மருந்து இந்திய நோயாளிக்கு எட்டும் விலையில் கிடைக்கவும் ஒப்பந்தத்திலேயே வழி செய்ய வேண்டும். மாத்தாடி வாரியத்தைப் போல மூன்றாவது நாற்காலி ஒன்றும் போடப்பட வேண்டும். இதனால் கொடையாளர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்பது அதிகாரிகளின் வழக்கமான பல்லவி. 'தரணி'யைத் திறந்துவிட்டவர்கள் ஓடவில்லை. நிபந்தனையைக் கண்டு ஓடுபவரின் பணம் எதற்கானது என்பதை ஊகிப்பது கடினமுமல்ல.

அனுசந்தான் அறக்கட்டளையின் ஆட்சிக் குழுத் தலைவர் பிரதமர். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 பிப்ரவரியில். ஐந்தாண்டுக் கணக்கு 2028-ல் முடிகிறது. ரூ. 36 ஆயிரம் கோடியில் இதுவரை வந்து சேர்ந்தது எவ்வளவு, யாரிடமிருந்து, எந்த நிபந்தனையில், அதில் மூளை ஆய்வுக்குப் போனது எவ்வளவு என்ற நான்கு விவரங்களையும் ஆண்டுதோறும் அவையில் வைக்குமாறு தமிழகத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் சென்றுள்ள உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்திலேயே கேட்கலாம்.